படியில்லாத வாசல்

என்னவருக்கு,

நாம் குடிபோக நினைத்த இரண்டு ஊரையும் பார்த்துவிட்டேன். சந்தோஷத்தில் அவசர அவசரமாக எழுதுகிறேன்; எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கம் வாடகை நாம் நினைத்ததைவிடக் குறைவு. ஜன்னலைத் திறந்தால் கடலாம். ஆனால் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பாதிப் படியிலேயே திரும்பிவிட்டேன். "மேல வந்து பாக்கவே இல்லையேம்மா" என்று தரகர் பின்னாலேயே ஓடி வந்தார்.

வடக்கே இருக்கும் ஊரில் வாடகை சற்றுக் கூடத்தான். ஆனால் காய்கறியும் பஸ்ஸும் மலிவு, சமாளித்துவிடலாம். வீடு தரைத்தளம், வாசலில் ஒரு படிகூட இல்லை. கதவை முழம் போட்டு அளந்தேன். உங்கள் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். முன்னறையில் பழைய ரொட்டி அடுப்பு ஒன்று, உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில்.

வீட்டுக்கார அம்மா, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார். விபத்துக்குப் பிறகு எல்லோரிடமும் "பேக்கரி வச்சிருந்தார்" என்றுதான் சொல்லி வந்தேன். இன்று யோசிக்காமல், "ரொட்டி சுடுறார்" என்றேன்.

"அப்ப அடுப்பைச் சுத்தம் பண்ணி வைக்கிறேன்" என்றார்.

உங்களைக் கேட்காமலே முன்பணம் கொடுத்துவிட்டேன். கோபம் வந்தால் அந்த வீட்டுக்கு வந்து கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி