கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? நீங்கள் மாத்திரையை ஒளித்து வைக்காமல் சாப்பிடுகிறீர்களா?

பதறாதீர்கள், இது முடிந்த கதை. போன வாரம் இடுப்பு வலிக்காக எனக்கே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தார்கள். ஆறு வருஷமாக அந்த மெஷினுக்குள் ஆட்களைப் படுக்கவைத்து, "பயப்படாதீங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கேன்" என்று தினம் இருபது தடவை சொல்கிறவள் நான். உள்ளே போனதும் எனக்கே உதறல் எடுத்துவிட்டது. மூக்குக்கு நேரே கூரை, மெஷின் சத்தம் காதில் சம்மட்டி அடி. ஜெபம் பண்ணலாமென்றால் 'ஆமென்' மட்டும்தான் ஞாபகம் வருகிறது!

அவசரத்துக்கு அழுத்த ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுப்போம். அதை அழுத்திவிட்டேன். கூட வேலை பார்க்கும் அக்கா மைக்கில் பதறினார்.

"என்னடி ஆச்சு? வெளிய எடுக்கவா?"

"ஒண்ணுமில்லக்கா. இருக்கீங்களான்னு பாத்தேன்."

"இருக்கேன், பேசாம படு."

பிறகு ஆண்டவரிடமும் அதையே கேட்டேன், "இருக்கீங்களா?" என்று. அவர் மைக்கில் பேசவில்லை. ஆனால் சம்மட்டி அடிக்கு நடுவிலேயே மனசு அடங்கிவிட்டது. பாதியில் தூங்கியே போனேன் என்றால் பாருங்கள். வெறும் தசைப்பிடிப்புதானாம்.

அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள், இடுப்புக்கு மடித்து வைத்துக்கொள்ள. நல்ல சேலை வேண்டாம், அம்மா கட்டிக் கட்டி நைந்தது போதும்.

ஆஸ்பத்திரி பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும்: சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரும்போது எனக்குப் போன் போட்டு மேசைமேல் வைத்துவிடுங்கள். என்னோடு பேசவெல்லாம் வேண்டாம். நீங்கள் அந்தப் பக்கம் இருந்தால் போதும்.

உங்கள் மூத்தவள்