கை நீட்டினால் தொடும் தூரம்

அன்பு வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். முழுச் சுகம் என்று எழுதினால் நம்ப மாட்டாய், அதனால் முக்கால் சுகம் என்று வைத்துக்கொள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரல் வந்ததுமே என் வாய் தானாக, நல்லா இருக்கேம்மா, என்று சொல்லிவிடுகிறது, அதற்கப்புறம் நான் என்ன சொன்னாலும் அதற்கு ஒத்துப்போகிற மாதிரிதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பேனாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அடித்துத் திருத்தினால்கூட அடித்தது உனக்குத் தெரியும்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்ததை நானே மாற்றிவிட்டேன், இப்போது வேறு இடத்தில் சொட்டுகிறது. மாடிவீட்டுத் தையல்காரம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை, ஐந்தாம் நாள் அவர்களாகவே இறங்கி வந்து என் சட்டைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தார்கள். கோபத்துக்குக் காரணம் உனக்கே தெரியும். அன்று காலை பதினொரு மணிக்கு நீ பதினான்கு தடவை கூப்பிட்டு, நான் எடுக்காமல், பயந்துபோய் அவர்களுக்குப் போன் போட்டாய். அவர்கள் கத்திரிக்கோலைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்து கதவைத் தட்டி, தெருவே கூடி, பூட்டை உடைக்க ஆளைக் கூட்டி வந்த நேரத்தில் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன். உன்னிடம் குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அண்ணன் முகத்தில் தலையணை மடிப்பு இருந்ததே, என்று தையல்காரம்மா உனக்குச் சொல்லிவிட்டார்களாம். விடிகிற நேரத்துக்குத்தான் படுத்திருந்தேன், அதுதான் உண்மை. உன் அம்மா போன பிறகு இந்த ஒன்றரை வருஷமாக ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட விழிப்பதும் பகலெல்லாம் பிணம் மாதிரி கிடப்பதுமாகத்தான் ஓடியது. எழுந்தாலும் எதற்கு எழுந்தோம் என்றிருக்கும். ஒரு தம்ளரைக் கழுவி வைக்கவே ஒரு மணி நேரம் யோசிப்பேன்.

அதற்காகத்தானே டாக்டரம்மா சொல்லி நீ அந்த விளக்குப் பெட்டியை வாங்கி அனுப்பினாய். விழித்த உடனே அதன் முன்னால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் அரை மணி நேரம் உட்கார வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது, அந்த வெளிச்சம் மூளைக்குள் இருக்கிற கடிகாரத்தைத் திருப்பி வைக்கும், மனசும் கொஞ்சம் தெளியும் என்று சொன்னார்கள். இரண்டு மாதமாக நீ கேட்கும்போதெல்லாம் உட்கார்கிறேன் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் எப்படி உட்கார்ந்தேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விளக்குக்கு ஏற்ற பிளக் சாப்பாட்டு மேஜையில் உன் அம்மா உட்காரும் பக்கம்தான் இருக்கிறது. நான் எதிர்ப்பக்கம் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். டேப் வைத்து அளந்தேன், டாக்டரம்மா சொன்ன தூரத்தைப் போல மூன்று மடங்கு இருந்தது. எக்ஸ்ரே இருட்டறையில் இருபத்தெட்டு வருஷம் ஃபிலிம் கழுவினவனுக்கு இது ஒரு விஷயமா. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு, இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அரை மணியை ஒன்பதால் பெருக்கி நாலரை மணி நேரம் தினமும் உட்கார்ந்தேன் வாலு. மத்தியானம் எழுந்து உட்கார்ந்தால் தெருவிளக்கு போடும் நேரத்துக்கு எழுந்திருப்பேன். ஸ்டூடியோ ஏதாவது திறந்திருக்கீங்களா அண்ணே, என்று தையல்காரம்மா கேட்டார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

கதவு தட்டிய மறுநாள் நீ போனில் சொன்னது நினைவிருக்கும். மாசக் கடைசிக்குள்ள நீங்க சரியாகலைன்னா நான் வேலையை எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவேன்பா, என்றாய். காது கேட்காத அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர நீ எத்தனை வருஷம் படித்தாய், எத்தனை இடத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள், கடைசியில் அந்தப் பள்ளிக்கூடம் உன்னை எடுத்தது. நான் உடனே, அதெல்லாம் கூடாது, என்று அதட்டினேன். போனை வைத்த பிறகு என்ன செய்தேன் தெரியுமா. உன் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து மெத்தையைத் தட்டிப் போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சரியாகாமலே இருந்தால் பிள்ளை வந்துவிடுவாள் என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததோடு போகாமல் உட்கார்ந்தும் கொண்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைக்கக் கூடாது. தட்டிப்போட்ட மெத்தையில் நானே உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு மத்தியானமே டாக்டரம்மாவிடம் போனேன். நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிதான், இப்போது இருட்டறை இருந்த இடத்தில் நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறார்கள். என் நோட்டை நீட்டினேன், தேதி, நேரம், தூரம் எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தேன். டாக்டரம்மா படித்தார், திருப்பினார், மறுபடி படித்தார், பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கண்ணு என்ன ஃபிலிமா சார், சேர்த்து வெச்சுக்கிறதுக்கு, என்று கேட்டார். அந்தத் தூரத்துக்கு வருகிற வெளிச்சம் சாதாரண அறை விளக்கு மாதிரிதானாம், நாலரை மணி இல்லை, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் மூளைக்குள் இருக்கிற அந்தக் கடிகாரம் திரும்பாதாம், அதோடு பொழுது சாய்கிற வரைக்கும் விளக்கில் உட்கார்ந்ததும் தப்பாம். கிட்ட போய் உட்கார என்ன தடை, என்றார். பிளக் அந்தப் பக்கம் இருக்கு, என்றேன். அப்ப அந்தப் பக்கம் உட்காருங்க, நாற்காலி இல்லையா, என்றார். இருக்கு, என்றேன். நோட்டை வாங்கி மூடிக்கொண்டேன். டாக்டரம்மா, யாரோட நாற்காலி சார், என்று மெதுவாகக் கேட்டார்.

கணக்கெல்லாம் சாக்குதான் வாலு. அம்மா காரியம் முடிந்து நீ திரும்பிப் போன நாளிலிருந்து அந்த நாற்காலியை நான் தொடவில்லை, பெருக்கும்போதுகூடச் சுற்றிக்கொண்டு போவேன். அதில் நான் உட்கார்ந்துவிட்டால் அது காலி நாற்காலி என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம்.

மறுநாள் எட்டரைக்கு அலாரம் வைத்து எழுந்தேன், எழுந்தேன் என்பதைவிட என்னை நானே எழுப்பி இழுத்து வந்தேன் என்று சொல்லலாம். விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன். டீ போட்டேன், குடித்தேன், மறுபடி வந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுகை வந்தது, அழுதேன், கண் திறந்திருக்க வேண்டும் என்றாரே என்று துடைத்துக்கொண்டு விழித்துப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்தால் வேறு எதுவும் தெரியவில்லை, நேர் எதிரே என் நாற்காலிதான் தெரிகிறது. எத்தனை வருஷம் காலையில் அங்கே நான் பேப்பரை விரித்துப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். நாள் முழுக்க இருட்டறைக்குள் இருக்கப் போகிறவன், காலையில் பேப்பருக்குள் இருந்தேன். உன் அம்மாவுக்குத் தெரிந்தது என் பத்து விரல்தான். கொஞ்சம் இறக்குங்களேன், முகத்தைப் பார்த்துப் பேசறேன், என்று சொல்வாள். உம் கொட்டுவேன், இறக்க மாட்டேன். அரை மணி நேரம் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உட்கார்ந்த அந்தப் பக்கம் அவ்வளவு தனியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் தினமும் அங்கேதான் உட்கார்கிறேன், இன்றோடு பத்தொன்பது நாள். டாக்டரம்மா சொன்னபடி சில நாளுக்கு ஒரு தடவை அலாரத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, இப்போது ஏழு மணிக்கு எழுந்துவிடுகிறேன். ராத்திரி பதினொன்றரைக்குக் கண் சொக்குகிறது. போன வாரம் இரண்டு நாள் தூக்கம் ஓடிப்போனது, மூன்றாம் நாள் திரும்பி வந்தது. காலையில் பசிக்கிறது, அது பழைய அப்பாவின் பசி. விளக்கு வந்து உன் அம்மாவைத் திருப்பித் தரப்போவதில்லை, அது தெரியும். முன்னெல்லாம் தூங்கியே கழித்த காலை நேரத்தை இப்போது விழித்திருந்து கழிக்க வேண்டியிருக்கிறது, அது ரொம்ப நீளமாக இருக்கிறது, தனிமை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தம்ளரைக் கழுவ யோசிப்பதில்லை.

அதனால் வேலையை விடாதே. இது அதட்டல் இல்லை, வேண்டிக் கேட்கிறேன். தையல்காரம்மாவுக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லு, நீ சொன்னால் அவர்களுக்கு இன்னும் சந்தோஷம். நீயும் ஜன்னலோரமாக உட்கார்ந்து வேலை செய், இருட்டு மூலையில் முடங்காதே, அது நம் குடும்பத்து வியாதி. எப்போதும்போல என் ஊர்ப் பதினொரு மணிக்கே கூப்பிடு, போன் இரண்டாவது தடவை அடிப்பதற்குள் எடுப்பேன். எடுக்காவிட்டால் குளிக்கிறேன் என்று அர்த்தம், இனிமேல் அதை நம்பலாம்.

எந்தக் குறையும் இல்லாமல், நினைத்தது நடந்து, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைக்கும்போது வா, லீவுக்கு மட்டும் வா. உன் மெத்தை தட்டியபடியே இருக்கிறது. காலையில் நான் அம்மா நாற்காலியில் இருப்பேன், நீ என் நாற்காலியில் உட்காரு. கையில் போனை எடுத்துக்கொண்டு உட்காராதே வாலு, உன் முகம் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
முக்கால் சுகத்தோடு
உன் அப்பா