யாரும் தோற்காத ஆட்டம்

8, திங்கள்

புகைமூட்டம், கடல் தாண்டி எங்கோ காடு எரிகிறதாம். சன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. பள்ளி விடுமுறை முதல் நாள். காலில் மாவுக்கட்டு போட்டுப் பதினெட்டாவது நாள். இன்னும் நான்கு வாரம். சிக்னலில் மோட்டார் சைக்கிள் வழுக்கியது ஒரு நொடி, அதற்கு இத்தனை நாள் சிறை. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது.

கலா ஆறரைக்கே கிளம்பிவிட்டாள். பஸ், பிறகு ஃபெர்ரி, பிறகு பட்டர்வொர்த் ஆபீஸ். பிள்ளைகள் இரண்டும் என் பொறுப்பு. யாழினிக்கு எட்டு, முகிலனுக்கு நான்கு. ஃபேக்டரியில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்த்தவனுக்கு, இவர்களோடு முழுப் பகல் என்பது புதுசு.

பசியாற ரொட்டி, மைலோ. பிறகு பாம்பு ஏணி. மூன்று ஆட்டம், மூன்றிலும் யா. ஜெயித்தாள். கடைசியில் ஒரு கட்டம் தாண்டி வைக்கிறாளோ என்று சந்தேகம். கொஞ்சம் அதட்டினேன். பகடை சோபாவுக்கு அடியில் போய்விட்டது. என்னால் குனிய முடியாது. ஆட்டம் அதோடு சரி.

மாவுக்கட்டுக்குள் ஒரே அரிப்பு. ஸ்கேல் விட்டுச் சொறிந்தேன். கலாவிடம் சொல்லக் கூடாது.

9, செவ்வாய்

புகை இன்னும் மோசம். எதிர் பிளாக்கே தெரியவில்லை.

மு.: "அப்பா, இன்னைக்கும் கீழ போகக் கூடாதா?"

"கூடாது."

"நாளைக்கு?"

தெரியாது என்றேன். வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான். பிறகு நானும் போய் நின்றேன். எதிர்வீட்டு வாசலில் பக்கெட், துடைப்பம், ஒரு செருப்பு.

பகடையை யா. தேடி எடுத்துத் தந்தாள். லூடோ நான்கு ஆட்டம். நான்கும் எனக்கே! மத்தியானம் பாம்பு ஏணி, அதிலும் நானே. அதிர்ஷ்டம் திரும்பிவிட்டது என்று கலாவுக்கு மெசேஜ். பதிலுக்கு ஒரு சிரிப்பு முகம்.

10, புதன்

பாத்ரூமில் இருந்தேன். வெளியே யா. தம்பியிடம் மெதுவாகப் பேசுவது கேட்டது.

"தம்பி, ஆறு விழுந்தா அஞ்சு மட்டும் நவுத்து."

"ஏன்?"

"அப்பா ஜெயிக்கணும்லா. தோத்தா கத்துவாரு. அன்னைக்கு பகடைய வீசுனாரு, பாத்தேல்ல?"

"நான் பயப்படல."

"நான் பயந்தேன்."

குழாயைத் திறக்காமல் அப்படியே நின்றேன், ஒற்றைக் காலில்.

திங்களன்று எழுதியதை இப்போது எடுத்துப் பார்த்தேன். 'கொஞ்சம் அதட்டினேன்.' பொய். பகடையும் தானாகப் போகவில்லை. சுவரில் வீசி அடித்தேன். "ஃப்ராடு" என்று கத்தினேன், எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்து. இந்த நோட்டை வேறு யாரும் படிக்கப் போவதில்லை. இதிலுமா பொய்?

வெளியே வந்து உட்கார்ந்தேன். ஆட்டம் ஆரம்பித்தது. நான் ஜெயித்தேன். நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை.

11, வியாழன்

புது ஆட்டம் வாங்க வேண்டும். போனில் மூன்று மணி நேரம் தேடல். எனக்கு வேண்டியது:

– வாசிக்கத் தேவையில்லாதது (மு.வுக்கு எழுத்து தெரியாது)
– அரை மணிக்குள் முடிவது
– பகடை வேண்டவே வேண்டாம்
– எல்லாரும் ஒரே கட்சி. யாரும் தோற்கக் கூடாது

அப்படியும் ஆட்டங்கள் இருக்கின்றனவாம். சாயந்திரம் கலா வந்ததும் நடந்ததைச் சொல்லி, பட்டியலைக் காட்டினேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் படித்தாள்.

"யாரும் தோக்காத ஆட்டம் யாருக்குங்க? பிள்ளைங்களுக்கா, உங்களுக்கா?"

"யாழினி பயப்படுறா, கலா."

"அவ ஆட்டத்துக்கா பயப்படுறா?"

சமையலறைக்குப் போய்விட்டாள். சாப்பாட்டுக்குச் சார்டின், முட்டை.

12, வெள்ளி

மழை. புகை அடங்கியது. சன்னலைத் திறந்தோம். ஆட்டம் எதுவும் வேண்டாம் என்றேன், கார்ட்டூன் போட்டுவிட்டேன். யா. முகத்தில் நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

நாளைக்குக் கடைக்கு நானே போவேன். கலாவுக்குச் சம்மதமில்லை. "எப்படி எறங்குவீங்க?" உட்கார்ந்து.

13, சனி

எழுபத்திரண்டு படி. ஊன்றுகோல் கலாவிடம். நான் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, கையை ஊன்றி, நகர்ந்து. மு. எண்ணிக்கொண்டே வந்தான், இருபதுக்குப் பிறகு மறுபடியும் ஒன்று. கீழ்வீட்டு முத்து அண்ணன் காடியின் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"மெதுவா தம்பி. கடை எங்கயும் ஓடிறாது லா."

மால் இரண்டாவது மாடியில் கடை. சீனப் பெண்மணி ஒருவர். அங்கேயே பெட்டியைத் திறந்து ஆடிப் பார்க்கலாம். நான் கேட்டதைச் சரியாக எடுத்துத் தந்தார். எல்லாரும் சேர்ந்து ஒரு தீயை அணைக்க வேண்டும். ஜெயித்தால் எல்லாரும், தோற்றாலும் எல்லாரும். கையில் வாங்கிக்கொண்டேன்.

யா. வேறு ஒரு மேசையில் நின்றாள். மலைப்பாதை வரைந்த பலகை, ஆளுக்கு மூன்று மர ஆடு. அட்டை எடுத்து ஆட்டை உச்சிக்கு ஏற்ற வேண்டும். வேலி அட்டை வந்தால் அடுத்தவர் வழியை மறிக்கலாம். ஒரு குட்டி வேலியை எடுத்து விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இது வேணுமாம்மா?"

சட்டென்று வைத்துவிட்டாள். "பரவால்லப்பா. உங்களுக்குப் புடிச்சது எடுங்க."

சூப்பர்வைசரிடம் நான் பேசும் குரல் அது. அச்சு அசல்.

தீ ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆடுகளை வாங்கினோம்.

ஏறி வர முக்கால் மணி நேரம். கை இரண்டும் போச்சு.

14, ஞாயிறு

வெயில். பசியாறி முடித்ததும் நால்வரும் தரையில். எனக்கு மட்டும் காலுக்குத் தலையணை.

ஆரம்பிக்கும் முன்னால் சொன்னேன். "யாழினி, அன்னைக்கு நீ ஏமாத்தல. பகடைய வீசுனது, ஃப்ராடுன்னு சொன்னது, எல்லாம் அப்பா தப்பு." தலையை ஆட்டினாள். ஆடுகளை வரிசையாக வைத்தாள். அவ்வளவுதான்.

பாதி ஆட்டத்தில் ஓர் அட்டையை எடுத்தாள், பார்த்தாள், தொடைக்கு அடியில் சொருகிவிட்டு வேறொன்று எடுக்கப் போனாள். வேலி அட்டை.

"அத வை."

"வச்சா நீங்க மாட்டிக்குவீங்கப்பா."

"வை."

வைத்தாள். என் ஆடு மூன்றும் ஒரே பாதையில், வெளியே வர வழியில்லை. வைத்த கையோடு பின்னால் நகர்ந்துகொண்டாள். தம்பியின் சட்டையையும் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

எனக்குக் காது சூடாகியது. உண்மைதான், எழுதிவைக்கிறேன். ஒரு மர ஆட்டுக்காக.

"கோவமாப்பா?"

"கொஞ்சம்."

"கத்துவீங்களா?"

"மாட்டேன்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மு. இடையில் புகுந்து, "என் டர்ன்! என் டர்ன்!"

யா.தான் ஜெயித்தாள். மு. இரண்டாவது, கலா மூன்றாவது. நான் கடைசி, ஓர் ஆடுகூட உச்சிக்குப் போகவில்லை. நானே பலகையை அடுக்கி, இன்னொரு தடவை என்றேன்.

இரண்டாவது ஆட்டத்தில் முதல் வேலி வந்ததும், என் ஆட்டுக்கு முன்னால் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள்.