துடக்கோடு ஆடிய இறுதிப் போட்டி

என் ஆசை அம்மாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினோராம் நாள் நான் பந்து விளையாடினேன். ஊர் இதைப் பலவிதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். நீங்களும் கேளுங்கள், ஊரும் கேட்கட்டும்.

எட்டாம் நாள் உங்கள் எட்டுச் செலவுப் படையல் முடிந்த பின்னேரம் கம்பஸிலிருந்து எங்கள் பயிற்சியாளர் சேர் போன் எடுத்தார். "நீர் வரவேணும் எண்டில்லைப் பிள்ளை. வேற ஆளைக் கோலுக்குள்ள விடுறன்," என்றார். இரண்டு வருடமாகப் பல்கலைக்கழகப் பெண்களின் உதைபந்தாட்டக் கிண்ணம் எங்களிடம்தான் இருந்தது. அந்த வேறு ஆள் முதலாம் வருடப் பிள்ளை. உயரத்தில் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். "வாறன் சேர்," என்று சொல்லிவிட்டேன்.

விறாந்தையில் இருந்த பெரியப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாய் எரிஞ்ச சூடு ஆறேல்லை, கட்டைக் களிசானோட பந்தடிக்கப் போறியோ? துடக்கு வீட்டுப் பெட்டை முப்பத்தொண்டு முடியுமட்டும் படலை தாண்டப்படாது. போனியெண்டா அந்தியேட்டிக்கு நான் வரமாட்டன். என்ர ஆக்களும் வராயினம்."

இது சின்ன விஷயம் இல்லை, அம்மா. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு உறவுக்காரர் வந்து தலை முழுகி, பந்தியில் இருந்து சாப்பிட்டால்தான் செத்தவீட்டுத் துடக்குக் கழியும். அப்பாவும் இல்லாத வீடு. உங்களுக்குக் கொள்ளி வைத்த தம்பி என் முகத்தையே பார்த்தான். ஆளில்லாத வெறும் பந்தி போட்டா உங்களை அனுப்புவது என்று நானும் யோசித்தேன். ஆனாலும் போட்டி அன்று விடிய முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

உங்களுக்கும் இது பிடித்திராது. அதை மறைத்து எழுத மாட்டேன். இடம்பெயர்ந்து இருந்த முகாமில் அப்பா செத்தபோது முப்பத்தொரு நாளும் கூடாரத்தை விட்டு வெளியே வராமல் இருந்தவர் நீங்கள். கூடாரத்தோடு கூடாரம் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் என்ன துடக்கு என்று தண்ணீர் வரிசையில் நின்று உங்களைத் திட்டியிருக்கிறேன். வீடும் வயலும் மாடும் போன பிறகு, உங்கள் விருப்பப்படி செய்ய உங்களுக்கு அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது என்று இப்போது விளங்குகிறது. எனக்கு மிஞ்சியது பந்து. நானாட்டான் வயல்களில் களை பிடுங்கி, பந்தடிக்க என் காலுக்குச் சப்பாத்து வாங்கித் தந்தீர்கள். வாங்கித் தந்துவிட்டு ஒருநாளாவது வந்து பார்க்காமல் ஏன் இருந்தீர்கள்?

போட்டிக்கு முன் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது எங்கள் அணியின் வழக்கம். தேவாலயத்துக்குப் போகிற வேதக்காரப் பிள்ளைகளும் வருவார்கள். அன்று நான் வீதிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் நின்று கோலைக் காக்கிற மெரினா, விடத்தல்தீவுக்காரி, தேங்காயும் கையுமாகத் திரும்பி வந்தாள்.

"இண்டைக்கு நாங்களும் துடக்குத்தான்," என்றாள். அதற்குப் பிறகு ஒருத்தியும் உள்ளே போகவில்லை.

வென்றோம், அம்மா. ஒன்றுக்குப் பூச்சியம். கடைசி நிமிடத்தில் இடது மூலைக்கு வந்த பந்தைத் தட்டிவிட்டேன். நடுவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. விசில் ஊதியதும் பழக்கத்தில் உங்கள் நம்பருக்கு எடுத்துவிட்டேன். வென்றாலும் தோற்றாலும் "அடி பட்டதோ?" என்று மட்டும்தானே கேட்பீர்கள், அதைக் கேட்க. வீட்டு மேசையில் கிடந்த போனைப் பெரியப்பா எடுத்தார்.

"வெண்டிட்டம், பெரியப்பா."

"உனக்கு வெக்கமில்லையோ?"

"இல்லை, பெரியப்பா."

வைத்துவிட்டு அழுதேன். வெட்கத்தில் இல்லை. நீங்கள் எடுக்கவில்லையே என்று.

அந்தியேட்டி அன்று தம்பி பாலாவித் தீர்த்தக்கரைக்குப் போய்க் கிரியை முடித்து வந்தான். பெரியப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் வராததால் மற்றவர்களும் வரவில்லை. சின்னம்மா மட்டும் வந்து, சமைத்த சோற்றை என்ன செய்வது என்று என்னை ஏசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் படலையில் ஒரு வான் வந்து நின்றது. எங்கள் அணி முழுவதும் இறங்கியது, ஒவ்வொருத்தி தோளிலும் ஒரு துவாய். மெரினா நேரே கிணற்றடிக்குப் போனாள்.

"எடியே, எங்களுக்கும் துடக்குக் கழியவேணும். வாளி எங்கை?"

மீள்குடியேறி வந்து நாம் வெட்டிய கிணற்றில் அவ்வளவு பேரும் தலை முழுகினார்கள். ஈரத் தலையோடு வரிசையாக இருந்து சாப்பிட்டார்கள். தமிழ் சரியாக வராத சிங்களப் பிள்ளை நிமாலி மூன்றாம் தரமும் வடை கேட்டாள். ஏசிக்கொண்டிருந்த சின்னம்மாவே பரிமாறினார். சோறு மிஞ்சவில்லை.

அந்தப் பந்தி செல்லாது என்று பெரியப்பா சொல்கிறாராம். செல்லாதென்றால் நீங்கள் கனவில் வந்து சொல்லுங்கள். வேறு ஒருவரிடமும் நான் கேட்கப் போவதில்லை.

இனி வருடம் முடிய உங்கள் ஆட்டைத் திவசம் வரும். உங்களுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறியும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் என் கையால் சமைத்துப் படைப்பேன். அன்றைக்குப் போட்டி இருந்தால் முதலில் போட்டி. பிறகு வந்து முழுகித்தான் அடுப்பு மூட்டுவேன். படையல் பிந்தும், அம்மா. பசியோடு இருங்கள். கட்டாயம் வருவேன்.

உங்கள் சொல் கேளாத மூத்த மகள்,
தர்ஷினி