வெள்ளை வயர், சாம்பல் வயர்

ஜூலை 14, திங்கள்
காலையிலிருந்து புழுக்கம். எண்ணூர்ப் பக்கமிருந்து தூசி. துடைத்த பானட் மறுபடி கறுப்பு.
ஸ்டீபன் அண்ணனின் டாக்சிக்குப் புது ஆக்சிஜன் சென்சார். புகைக்குழாயில் முறுக்கி மாட்டுவது சுலபம். வயர்தான் தலைவலி. வேறு கம்பெனி, பிளக் பொருந்தாது, வெட்டி இணைக்க வேண்டும். வெள்ளை இரண்டும் சென்சாரைச் சூடேற்ற. கறுப்பு சிக்னல். சாம்பல் எர்த். நசீரிடம் விட்டேன். பட்டறையில் என் கூட்டாளி. வயர் வேலையில் என்னைவிடக் கை சுத்தம். மாலையே வண்டி போயிற்று.

ஜூலை 15, செவ்வாய்
துறைமுகச் சாலையில் டாக்சி நடுவழியில் நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்தார்கள். ஸ்டீபன் அண்ணன் சத்தம் போட்டார்.
"இன்னாப்பா வேல பாத்துக்கீறீங்க? பின்னால கன்டெய்னரு வந்துகினு கீது, வண்டி அப்டியே நின்னுட்ச்சு. உள்ள எம் பொண்ணு. மாசமா கீறா."
பிரித்துப் பார்த்தேன். வெள்ளை போக வேண்டிய இடத்தில் சாம்பல். சூடேற்றும் மின்சாரம் முழுக்க எர்த் வழியே ஓடி, இன்ஜின் கம்ப்யூட்டரைக் கருக்கிவிட்டது. நசீர் இப்படிச் செய்பவன் இல்லை. கேட்டதும் ஸ்பேனர்களை அடுக்கப் போய்விட்டான். டீகூடக் குடிக்கவில்லை.

ஜூலை 16, புதன்
சரியான தூக்கமில்லை. பட்டறை திறந்ததும் இரண்டு வயர்த் துண்டுகளை நசீரிடம் நீட்டினேன்.
"இதுல எது வெள்ளை?"
வெளிச்சத்தில் பிடித்தான். திருப்பினான். "ரெண்டும்தான்" என்றான். ஒன்று சாம்பல்.
வயரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "சுகர் மாமு. கொஞ்ச நாளா எல்லாம் பொக மாரி கீது. வூட்ல சொல்லிடாத."
முதலில் கோபம்தான். அப்புறம் பயம். இவன் கை வைத்த மற்ற வண்டிகள்?

ஜூலை 17, வியாழன்
அந்த வண்டிக்காரர்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். நான் பேசுகிறேன் என்றேன்; நசீர் போனைப் பிடுங்கிக்கொண்டான்.
"பாய், வண்டிய ஒருவாட்டி எடுத்தாந்துருங்க. நான் தப்பா கட்டிருப்பேன்."
ஒவ்வொருவரிடமும் இதையே. அவன் குரல் உடையவில்லை. எனக்குத்தான் கேட்க முடியவில்லை. வந்த வண்டிகளில், பார்த்தவரை, பழுதில்லை.

ஜூலை 18, வெள்ளி
தூறல். ராயபுரத்தில் கண் டாக்டர். நசீர் மனைவி ரஹீமாவும் வந்தார், நான்தான் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. அவன் தோளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். லேசர் வைத்தால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாமாம். போனது போனதுதான்.

ஜூலை 19, சனி
டாக்சி ரெடி. வேறு கம்ப்யூட்டர், வேறு சென்சார். வயர் இணைப்பு நான். கண் விஷயத்தை ஸ்டீபன் அண்ணனிடம் நசீரே சொன்னான். அண்ணன் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.
"என்னாண்ட சொல்லிட்ட. எம் பொண்ணாண்ட வந்து சொல்லு. அது இன்னும் காருல ஏற மாட்டேங்குது."
அவர் வீடு முகத்துவாரக்குப்பத்தில். நசீர் முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறான். நானும் கூடப் போகிறேன். வெளியே டாக்சி ஹாரன்.