புகைக்குள்ள கூவுனேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி கொறஞ்சிருச்சா? நான் சொகமா இருக்கேன். டாக்காவுல மாணவர் போராட்டம், நெட்டும் இல்ல. அதான் இங்க என்கூடப் படிக்கிற லோஜினி ஊருக்கு வர்றப்ப அவகிட்ட இதக் குடுத்து விடுறேன்.

நேத்து வகுப்பு முடிஞ்சு வர்றப்ப கண்ணீர்ப்புகை ரோட்டையே மூடிருச்சு. கண்ணு எரிஞ்சாலும், நம்ம மலையில பனி எறங்குற மாதிரியே இருந்துச்சும்மா. கூட வந்தவங்களக் காணோம். பனி மூடுனா தேயிலக் கொழுந்தெடுக்குற நீங்கல்லாம் ஒருத்தரையொருத்தர் கூவித் தேடுவீங்கல்ல, நானும் அப்படியே "ஊஊ"னு கூவிட்டேன். யார் யாரோ திருப்பிக் கூவுனாங்க. சத்தத்தப் புடிச்சே எல்லாரும் வெளிய வந்துட்டோம்.

புகை கலைஞ்ச பெறகும் கொஞ்ச நேரம் அங்கயே நின்னேன். உங்க கொரல் மட்டும் வரவே இல்ல.

தேயிலத்தூள் கொஞ்சம் அனுப்புங்க. அடுத்த தடவ பனி மூடுறப்ப நீங்க கூவுறத போன்ல புடிச்சு வைங்க. லோஜினி கெளம்பிட்டா.

உங்க மக,
பிரேமினி