நாற்பத்தொன்றில் இருபத்திரண்டு

ஏப்ரல் 3, வியாழன்

மருமகளுக்கு ஆணை வந்துவிட்டது. ஆறு வருஷம் ஒப்பந்தச் செவிலியராக இழுத்தடித்த பிறகு நிரந்தர வேலை. இடம்தான் இங்கிருந்து பஸ்ஸில் ஏழு மணி நேரம். கல்குவாரியும் காடுகழனியுமாக இருக்கும் மாவட்டம் என்கிறான் மகன். அவனும் பார்த்ததில்லை. ஜூன் இரண்டாம் தேதிக்குள் அவள் அங்கே சேர வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

எல்லாம் சரி. பேத்தி பத்தாம் வகுப்புக்குப் போகிற வருஷம். இந்த நேரத்தில் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் நடுவார்களா? கேட்டேன். "அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்குப்பா" என்றான், பள்ளிக்கூடம் என்றால் மழைக்கு ஒதுங்குகிற இடம் போல.

சொல்லிவிட்டேன். பள்ளி சரியில்லை என்றால் பிள்ளை என்னோடு இங்கேயே இருப்பாள், நீங்கள் இரண்டு பேரும் போய்க்கொள்ளுங்கள்.  மருமகள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்று பேசியதில் தவறு இல்லை. என்னையும் பத்தாம் வகுப்பில்தான் நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்ன, அப்பா நிறுத்தினார். மூட்டை தூக்க ஆள் போதவில்லை அவருக்கு. பள்ளிக்குப் போய் டி.சி. வாங்கி வந்து, "போதும், நாளைக்கு என்கூட வா" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் நானே படித்தது. பழைய பேப்பர் கடையில் வாங்கிய புத்தகங்கள், அட்டை இல்லாதவை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கல்வித் துறையின் தளத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் புள்ளிவிவரம் போட்டிருக்கிறார்கள். பேத்தி போனில் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு வீட்டில் சில்வண்டு என்று பெயர், வாய் ஓயாது. "தாத்தா, எனக்குப் பள்ளிக்கூடம் பார்க்குறீங்களா, மாப்பிள்ளை பார்க்குறீங்களா? இவ்வளவு விசாரணை!" என்று சிரித்துவிட்டு ஓடினாள்.

பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டேன். மருமகளுக்குக் கிடைத்திருக்கும் சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் உயர்நிலைப் பள்ளிகள் இரண்டு. ஒன்று மேட்டின் மேல், ஒன்று பாலத்துக்கு அடியில். நான் மேட்டுப்பள்ளி, பாலத்தடிப்பள்ளி என்றே எழுதப் போகிறேன்.

தலை சுற்றுகிறது. மேட்டுப்பள்ளியில் கணினி பத்து. அடிக்குறிப்பில் "பயன்பாட்டில் உள்ளவை: இல்லை" என்று இருக்கிறது. அப்படியென்றால் பத்தா, பூஜ்யமா? பாலத்தடியில் ஆசிரியர் பணியிடம் பதினான்கு; வேலை பார்ப்பவர்கள் ஒன்பது. மாணவர் எண்ணிக்கையைப் பதினான்கால் வகுத்து, ஓர் ஆசிரியருக்கு இத்தனை பிள்ளைகள் என்று போட்டிருக்கிறார்கள். காலி நாற்காலியா பாடம் நடத்தும்? இரண்டு பள்ளிக்கும் நாலு நட்சத்திரம். யார் கொடுத்தது என்று தேடினால் பள்ளிகளே கொடுத்துக்கொண்டது. லாரிக்காரனே எடை போட்டுச் சீட்டு எழுதிக்கொள்வது மாதிரி.

முப்பத்தோரு வருஷம் எடை மேடையில் உட்கார்ந்தவன் நான். வெறும் வண்டி எடை, சரக்கோடு எடை, இரண்டையும் பார்க்காமல் நடுவில் ஒரே ஓர் எண்ணை மட்டும் நீட்டினால் எப்படி நம்புவது?

ஏப்ரல் 8, செவ்வாய்

மகன் ஆடுகிறான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலைக் கண்டுபிடித்துவிட்டான். மேட்டுப்பள்ளி நூறு சதவீதம், மூன்று வருஷமாக. பாலத்தடி அறுபத்தொன்று.

"நூறுப்பா! நூறுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு, நூத்தியொண்ணா?"

 நூறு என்றால் நூறுதானே. இங்கே இவள் படிக்கும் பள்ளியிலேயே எண்பத்தி நாலுதான்.

சந்தோஷப்பட வேண்டும். ஏன் பிடிக்கவில்லை? பள்ளி மோசமாக இருக்க வேண்டும் என்றா தேடினேன்?

ஏப்ரல் 10, வியாழன்

மேட்டுப்பள்ளித் தலைமையாசிரியரிடம் போனில் பேசினேன். நல்ல மரியாதையான குரல். முதல் கேள்வியே, "பொண்ணு ஒன்பதாவதுல என்ன மார்க்குங்க?" சொன்னேன். மற்றதெல்லாம் பரவாயில்லை, கணக்கில் முப்பத்தி நாலு. கேட்டதும், "மன்னிக்கணும், பத்தாவதுல இடம் இல்லைங்களே. வகுப்பு நிறைஞ்சிடுச்சு."

மார்க்கு சொல்வதற்கு முன்னால் இடம் இருந்ததா? அதைக் கேட்பதற்குள் வணக்கம் சொல்லி வைத்துவிட்டார்.

மகன் என்னைத்தான் திட்டினான். "நீங்க ஏன்ப்பா முந்திக்கிட்டு முப்பத்தி நாலுன்னு சொன்னீங்க? பள்ளிக்கூடத்தைத் தேடுறீங்களா, எங்க காலுக்குப் பிரேக் போடுறீங்களா?"

பொய் சொல்லவா நான் போன் பண்ணினேன்?

ஏப்ரல் 12, சனி

வகுப்பு நிறைந்துவிட்டதாம். எப்படி நிறையும் என்று பார்த்தேன்.

தேர்ச்சிப் பட்டியல் ஒரு பக்கத்தில் இருக்கிறது, வகுப்புவாரிச் சேர்க்கை வேறொரு பக்கத்தில். இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை போல. நான் வைத்தேன்.

மேட்டுப்பள்ளியில் முந்தின வருஷம் ஒன்பதாம் வகுப்பில் 41 பேர். போன வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 22. இருபத்திரண்டு பேரும் தேர்ச்சி. நூறு சதவீதம்.

அதற்கு முந்தின வருஷம் 38, தேர்வு எழுதியவர்கள் 20. அதற்கும் முன்னால் 44, எழுதியவர்கள் 21.

பாதி வண்டி காலியாக வெளியே போகிறது. சரக்கை எங்கே இறக்கினார்கள்?

பாலத்தடியைப் பார்த்தால் அங்கே தலைகீழ். ஒன்பதில் 45, பத்தில் 62. பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் புதிதாகப் பிறப்பார்களா? நான்தான் வரிசை மாற்றிப் படிக்கிறேனோ என்று நோட்டில் மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். அதே எண்கள்தான் வருகின்றன.

ஏப்ரல் 15, செவ்வாய்

பாலத்தடிப்பள்ளிக்குப் போன் போட்டேன். எடுத்தது தலைமையாசிரியையே. பின்னால் சந்தை மாதிரி சத்தம். "ஒரு நிமிஷம் இருங்க ஐயா... டேய், கதவு மேலே ஏறாதே, அது கதவுடா, குதிரை இல்லே! ம், சொல்லுங்க ஐயா."

என் எண்களைப் படித்தேன்.  "ஐயா, நீங்க ஆய்வுத் துறையா?" என்று கேட்டார். ஒரு பிள்ளையின் தாத்தா என்றேன். சிரித்தார்.

"அங்க தேற மாட்டாங்கன்னு நினைக்கிற பிள்ளைங்களைத்தான் டி.சி. கொடுத்து அனுப்பிடுவாங்க. போன வருஷம் பத்தொன்பது. அதுல பதினேழு பேர் எங்ககிட்ட வந்தாங்க. ஒன்பது பேர் பாஸ் ஆயிட்டாங்க ஐயா. ஆனா எங்க போர்டுல அறுபத்தொண்ணுன்னுதான் இருக்கும்."

"மீதி ரெண்டு?"

"ஒருத்தன் குவாரியில கல் உடைக்கிறான். இன்னொண்ணு பொண்ணு, எங்கேன்னே தெரியல. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம், பூட்டியிருந்துச்சு."

அனுப்புவதற்குப் பெற்றோர் எப்படி ஒத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். "எல்லா டி.சி.யிலயும் ஒரே வரிதான் இருக்கும்: பெற்றோர் விருப்பத்தின் பேரில். கீழே அப்பா கையெழுத்து. குவாரி ஆளுங்க ஐயா, பாதிப் பேருக்குப் பேர் எழுத மட்டும்தான் தெரியும். நீட்டின இடத்துல போட்டுட்டுப் போயிடுவாங்க."

மகளைச் சேர்த்துக்கொள்வீர்களா, கணக்கில் முப்பத்தி நாலு என்றேன். பேத்தி என்று சொல்ல வந்தேன், மகள் என்று வந்துவிட்டது. "கூட்டிட்டு வாங்க. முப்பத்தி நாலெல்லாம் இங்க பெரிய மார்க்" என்றார்.

போனை வைத்த பிறகு எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் முற்றத்துக்கும் அறைக்கும் நடந்தேன். ஏதோ ஒரு வரி. பெற்றோர் விருப்பத்தின் பேரில். எங்கோ படித்திருக்கிறேன்.

ஏப்ரல் 16, புதன்

டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது. என் டி.சி.

பள்ளியை விட்டு விலகிய காரணம்: பெற்றோர் விருப்பத்தின் பேரில்.

கீழே அப்பாவின் கையெழுத்து. நாலு எழுத்து. மூன்றாவது எழுத்தின் சுழியை எப்போதும் பெரிதாகப் போடுவார்.

அந்தக் கையெழுத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். எட்டாவது படிக்கும்போது. கூலிப் பதிவேட்டில் கைநாட்டு வைக்க வெட்கமாக இருக்கிறது என்றார். சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்த நாலு எழுத்துதான். வேறு ஒன்றும் தெரியாது அவருக்கு. பஸ் போர்டுகூட என்னைத்தான் படிக்கச் சொல்வார்.

எடை மேடையில் சீட்டைப் படித்துக் காட்டாமல் ஒரு ஓட்டுநரிடமும் நான் கையெழுத்து வாங்கியதில்லை. பின்னால் பத்து லாரி ஹாரன் அடித்தாலும் சரி. முதலாளி கத்தினாலும் சரி. படிப்பேன், பிறகுதான் பேனாவைக் கொடுப்பேன்.

அவருக்கு யாருய்யா படிச்சுக் காட்டினது?

ஏப்ரல் 17, வியாழன்

ஒன்றும் விளங்கவில்லை.

அவருக்குத் தெரியாமல் வாங்கிவிட்டார்களா? அப்படியென்றால் வீட்டுக்கு வந்து, "எனக்கும் புரியலடா, அனுப்பிட்டாங்க" என்று சொல்லியிருக்கலாமே. போதும் என்று ஏன் சொன்னார்? போதும் என்றால் அவர் முடிவு மாதிரிதானே இருக்கிறது?

இல்லை, உன் பிள்ளை தேற மாட்டான் என்று அவரிடம் சொல்லியிருப்பார்களா? அதை என்னிடம் சொல்லக் கூடாது என்று, தான் நிறுத்தியது போல... எனக்கு அந்த வருஷம் அறிவியலில் என்ன மார்க்கு? நினைவில்லை. நன்றாகப் படித்தேன் என்றுதான் ஐம்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நிஜமா அது?

இல்லை, உண்மையாகவே மூட்டை தூக்க ஆள் வேண்டியிருந்ததா? அதுவும் இருக்கலாம். அந்த வருஷம் அவருக்கு முதுகு பிடித்திருந்தது.

பன்னிரண்டு வருஷம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை அவரோடு பேசவில்லை நான். பிறகு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது யாரைக் கேட்பது? கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கவே இல்லையே, பாவி.

ஏப்ரல் 18, வெள்ளி

தலைவலி. எழுதவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சாப்பிடும்போது சொன்னேன்: "பாலத்தடிப்பள்ளி. அதுதான்."

மகன் கையை உதறினான். "அறுபத்தொண்ணா? நூறை விட்டுட்டு அறுபத்தொண்ணுக்கு வந்துட்டீங்களேப்பா!"

"அது நூறு இல்லடா. இருபத்திரண்டு."

நோட்டைக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். மருமகள் எட்டிப் பார்த்தாள். சில்வண்டும் வந்து எண்களைப் படித்தாள். அந்தப் பத்தொன்பதில் தானும் ஒருத்தியாக இருந்திருப்போம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு மெதுவாக, "அந்த ஸ்கூல்ல என்னை எங்கேயும் அனுப்ப மாட்டாங்கல்ல தாத்தா?" என்றாள்.

"அனுப்புறதுக்கு இனிமே இடம் ஏது? பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆறுதான்" என்றேன். சிரித்தாள்.

மருமகள் கேட்டாள். "அப்ப நீங்களும் வர்றீங்கதானே மாமா?"

பார்க்கலாம் என்றேன். நான் சவரம் செய்யும் கண்ணாடியை அவள் ஏற்கெனவே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டதைக் காலையிலேயே பார்த்துவிட்டேன். காட்டிக்கொள்ளவில்லை.

டி.சி. விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே புரியாததை என்னவென்று சொல்வது?

ஜூன் 4, புதன்

வந்து ஐந்து நாளாகிறது. வீடு முழுக்கக் கல்தூசி. துடைத்தால் மறுபடியும்.

மகனுக்கு இன்று மோட்டார் ஒர்க்ஷாப்பில் வேலை கேட்கப் போக வேண்டியிருந்தது. சில்வண்டைச் சேர்க்க நான்தான் போனேன். பாலத்தடிப்பள்ளியின் கதவு நிஜமாகவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எழுத்தர் படிவத்தை நீட்டி, விரலால் இடத்தைக் காட்டினார். "இங்க ஒரு கையெழுத்து பெரியவரே."

"படிங்க" என்றேன்.

"உங்க கையிலதான் கண்ணாடி இருக்கே, படிக்கத் தெரியும்தானே?"

"தெரியும். நீங்க படிங்க."

பின்னால் வரிசை. குவாரிச் சட்டையோடு அப்பாக்கள், தோளில் துண்டு, பக்கத்தில் பிள்ளை. எழுத்தர் பக்கத்து மேசையில் இருந்த தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார் போல, படி என்று தலையை ஆட்டினார். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார் எழுத்தர், எரிச்சலோடுதான். கேட்டுவிட்டுப் போட்டேன்.

எனக்கு அடுத்து நின்றவர் பேனாவை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தயங்கி, "எனக்கும் படிங்க சார்" என்றார்.

எழுத்தர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

மே 16, சனி

ஒரு வருஷம் ஓடி, சில்வண்டு எழுதிய பத்தாம் வகுப்புத் தேர்வின் பட்டியல் வந்துவிட்டது. இந்த முறை இரண்டு பக்கத்தையும் நானே தேடி எடுத்தேன்.

மேட்டுப்பள்ளி: நூறு. எழுதியவர்கள் 19.

பாலத்தடிப்பள்ளி: பத்தாம் வகுப்பில் 70. தேர்வு எழுதியவர்கள் 70. தேர்ச்சி 41. போர்டில் ஐம்பத்தொன்பது என்று எழுதுவார்கள். அன்றைய அறுபத்தொன்றைவிடக் குறைவு.

தேறாத இருபத்தொன்பதில் ஒருத்தி நம் சில்வண்டு. கணக்கில் மட்டும் போய்விட்டது, நாலு மார்க்கில். காலையிலிருந்து அழுது முகம் வீங்கிக் கிடக்கிறது. நான் நின்றுவிடுகிறேன், துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறேன் என்றாள். மகன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். போதும் என்று அவன் வாயில் வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவன் சொல்லவில்லை.

மறுதேர்வு வகுப்பு திங்கள் காலை எட்டரைக்கு. தலைமையாசிரியை இருபத்தொன்பது வீட்டுக்கும் தானே போன் செய்கிறாராம். எங்களுக்குப் பத்து மணிக்கு வந்தது. சில்வண்டு எடுக்க மாட்டேன் என்றாள். நான் எடுத்து, அவர் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன்.

அப்பாவைப் பற்றி இன்னும் தெளிவில்லை. டி.சி. இந்த நோட்டுக்குள்தான் இருக்கிறது. சில நாள் ஒன்று தோன்றுகிறது, சில நாள் வேறு. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது. சுழியைப் பெரிதாகப் போடாதே என்று எத்தனை தடவை சொன்னேன்.

மணி நாலு. சில்வண்டு முகம் கழுவிவிட்டு வந்து ஜாமெட்ரி பெட்டி எங்கே என்று கேட்கிறாள்.